அந்நியரிடம் பயமில்லை, பலூனிடம் பயம்

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிடப் போகுது. அதை விட்டுட்டு ரத்தத்தை எங்கேயோ அனுப்பி மூணு வாரம் காத்துக்கிட்டு இருக்கணுமா தம்பி?"

கேட்டவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. கேள்வி கேட்பதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. முனைக் கடை பெஞ்சில் காலை ஆறரை மணி டீக்கு நாங்கள் இருவரும் தவறுவதில்லை. அன்றைக்கு அவர் கையிலிருந்த டீ ஆடை கட்டும்வரை குடிக்கப்படாமலே இருந்தது.

அவருடைய தங்கை பேரனுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தம். நடை தாமதம், பேச்சும் தாமதம். ஆனால் பேச்சு வந்த பிறகு நிற்கவே இல்லை. கல்யாண வீட்டில் யார் மடியிலும் ஏறி உட்கார்ந்து, "உங்க பேர் என்ன? உங்க வீடு எங்க இருக்கு?" என்று விசாரிக்கிற பிள்ளை. புது ஆள் என்ற கூச்சமே கிடையாது, எதற்கும் பயப்படாது என்று குடும்பமே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவாக வந்த பெயர் வில்லியம்ஸ் சிண்ட்ரோம்.

"மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டதுன்னு சொல்றாங்க. மூளையைப் பாக்காமலே எப்படிச் சொல்லலாம்?" இதுதான் சாருக்கு மனத்தாங்கல்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல இரண்டாவது டீ தேவைப்பட்டது.

முதலில் அந்தப் பெயர். 1961இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஜே.சி.பி. வில்லியம்ஸ் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 4 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நால்வருக்கும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, வால்வுக்குச் சற்று மேலே குறுகியிருந்தது. நால்வருக்கும் அறிவு வளர்ச்சி பின்தங்கியிருந்தது. முகச் சாயலோ, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளோ என்று கேட்க வைத்தது. ஏறத்தாழ 7,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இது நேர்கிறது என்பது இன்றைய மதிப்பீடு.

காரணம் 1993இல் பிடிபட்டது. நமக்கு இருக்கும் 23 ஜோடிக் குரோமோசோம்களில் ஏழாவது ஜோடியில், இரண்டில் ஒன்றில் மட்டும், ஒரு சிறு துண்டு காணாமல் போயிருக்கிறது. அந்தத் துண்டில் 25க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்திருக்க வேண்டும். இன்னொரு குரோமோசோமில் அவை பத்திரமாக இருக்கின்றன. ஆகவே முழு இல்லாமை இல்லை, பாதி அளவு.

"துண்டு எப்படிக் காணாமப் போகும்?"

"பழைய ஓலைச்சுவடியைப் பாத்து ஒருத்தர் நகல் எடுக்கிறார்னு வெச்சுக்குங்க சார். ஒரே மாதிரி முடியிற ரெண்டு வரி பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன ஆகும்?"

ஏட்டைப் பெயர்த்து எழுதுபவரின் கண் முதல் வரியிலிருந்து நேராக இரண்டாவதற்குத் தாவிவிடும். நடுவில் இருந்தது விடுபட்டுப்போகும். கண் பின்னுக்குத் தாவினால் அதே பகுதி இரண்டு முறை எழுதப்பட்டுவிடும். சுவடிப் பதிப்பாளர்கள் இந்த இரண்டு வகைப் பிழையோடும் மல்லுக்கட்டியவர்கள். ஏழாம் குரோமோசோமில் அந்த இடத்துக்கு இரு பக்கமும், ஏறத்தாழ ஒரே மாதிரியான நீண்ட பகுதிகள் இருக்கின்றன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் அருகருகே நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அப்போது இந்த ஒத்த பகுதிகள் இடம் மாறிப் பொருந்திவிட்டால், விடுபடல் நேர்கிறது. பெரும்பாலும் தாய் தகப்பன் இருவருக்குமே இந்தக் குறை இருப்பதில்லை. கர்ப்ப காலத்தில் யாரும் எதையும் தவறாகச் செய்ததும் இல்லை. "இதை மட்டும் உங்க தங்கச்சி வீட்டுல ரெண்டு தரம் சொல்லுங்க சார்" என்றேன்.

இதிலேயே சாரின் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. ஏட்டில் விடுபட்ட வரியைக் கண்டுபிடிக்க ஏட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஏடு உடம்பின் அநேகமாக எல்லாச் செல்களிலும் இருக்கிறது. எடுக்கச் சுலபம் என்பதால் ரத்தத்தில் பார்க்கிறார்கள். மூளை ஸ்கேனில் மரபணு தெரியாது.

"அப்ப ஸ்கேன் எதுக்குத்தான் ஆகும்?"

அதற்கு ஒரு பாலத்தின் கதையைச் சொல்ல வேண்டும். விடுபட்ட மரபணுக்களில் ஒன்று எலாஸ்டின் என்ற புரதத்துக்கானது. ரத்தக் குழாய்க்கு ரப்பர் போன்ற இழுவையைத் தருவது அதுதான். அது பாதியானால் பெருந்தமனி குறுகுகிறது. மரபணு, புரதம், குழாய் என்று மூன்றே படியில் காரணம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்நியர் மடியில் ஏறி உட்காரும் குணத்துக்கு எந்தப் புரதத்தைக் காரணம் சொல்வது? மரபணு ஒரு கரையில், பிள்ளையின் நடத்தை மறுகரையில். நடுவில் பெரிய ஆறாக மூளை. அந்த ஆற்றின் நடுவே ஊன்றிய தூண்தான் மூளைப் படம்.

மறுகரையில் இருந்ததே விசித்திரமான காட்சி. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெலூகி என்ற அறிஞர் பல ஆண்டுகள் வில்லியம்ஸ் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசி, வரையச் சொல்லி, விளையாடச் சொல்லிப் பார்த்தவர். அவர் சந்தித்த ஒரு இளம்பெண்ணின் அறிவு ஈவு (ஐ.க்யூ.) 49. யானையைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, அதன் நிறம், தும்பிக்கை, காற்றில் அசையும் காது என்று கேட்பவர் கண்முன் யானை நிற்கும்படி பேசினார். பிறகு யானையை வரையச் சொன்னார்கள். தாளில் வந்தவை தனித்தனித் துண்டுகள். எது தலை, எது கால் என்று பக்கத்தில் எழுதி வைத்ததால்தான் தெரிந்தது.

இன்னொரு சோதனை: சின்னச் சின்ன 'ஒய்' எழுத்துகளை அடுக்கி ஒரு பெரிய 'டி' எழுத்தாக்கிக் காட்டி, அதே மாதிரி வரையச் சொல்வார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பெரிய 'டி'யை வரைந்து, சின்ன 'ஒய்'களை விட்டுவிடுவார்கள். வில்லியம்ஸ் உள்ளவர்கள் தாள் முழுக்க 'ஒய்'யாகப் போடுவார்கள்; 'டி' இருக்காது. புள்ளி வைத்தாயிற்று, கோலம் வரவில்லை.

ஆக, இது எல்லாத் திறமையும் சமமாகக் குறைந்த மூளை இல்லை. ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, ஒன்று சாய்ந்து கிடக்கிறது. மேடு பள்ளம் இவ்வளவு தெளிவாக இருப்பதால்தான், குணத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடுபவர்கள் இந்த அபூர்வக் குறைபாட்டிடம் வந்தார்கள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஊரில் 'எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சா' என்று கேட்கிறோமே, அதேதான். கத்தி இல்லை, ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. பூமியின் காந்தத்தைவிடப் பல பத்தாயிரம் மடங்கு வலுவான காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து, உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். இது மூளையின் வடிவத்தைக் காட்டும். மூளை வேலை செய்வதைக் காட்ட இன்னொரு சூட்சுமம் வேண்டியிருந்தது. அதை ரத்தமே வைத்திருந்தது.

ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ரத்தம் காந்தத்தை லேசாகக் குலைக்கும்; ஆக்ஸிஜன் ஏற்றிய ரத்தம் குலைக்காது. லைனஸ் பாலிங் 1936இலேயே எழுதிவைத்த விஷயம். இதை வைத்தே மூளையின் உழைப்பைப் படமெடுக்கலாம் என்று 1990இல் எலிகளில் காட்டியவர் ஜப்பானில் பிறந்த செய்ஜி ஓகாவா.

"உழைச்சா ஆக்ஸிஜன் தீர்ந்துதானே போகணும்? அப்ப சமிக்ஞை குறையணுமே?" கணக்கு வாத்தியார் சும்மாவா!

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு வரிசையில் சாம்பார் வேகமாகத் தீர்கிறது என்று கண்டால் பரிமாறுபவர் என்ன செய்வார்? குறைந்ததைக் கரண்டியால் அளந்தா ஊற்றுவார்? வாளியோடு வந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை மறித்தாலும் அள்ளி ஊற்றிவிட்டுப் போவார். மூளையும் அப்படித்தான். நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்குத் தேவைக்கு மேலேயே புது ரத்தம் பாய்கிறது. அந்த உபரியால் சமிக்ஞை கூடுகிறது. ஆனால் வாளி வந்து சேரச் சுமார் 5 விநாடி ஆகும். எஃப்.எம்.ஆர்.ஐ. என்னும் இந்த வகைப் படத்தில் நாம் பார்ப்பது எண்ணத்தை அல்ல. எண்ணத்துக்குப் பின்னால் தாமதமாக வந்து சேர்ந்த சாம்பார் வாளியை.

சொல்லக் கேட்டால் எளிது. செய்யும்போதுதான் சங்கடம். வில்லியம்ஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சத்தம் ஆகாது. மிக்ஸி, வெடி, கைத்தட்டல் எல்லாமே காதைக் குத்தும். எம்.ஆர்.ஐ. இயந்திரமோ சுத்தியலால் தகரத்தை அடிப்பதுபோல் இரையும். அதற்குள் அசையாமல் படுக்க வேண்டும்; தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கெட்டுவிடும். அதனால் இத்தகைய ஆய்வுகளில் காதடைப்பான் போட்டு, பொய் இயந்திரம் ஒன்றில் முதலில் பழக்குவார்கள். பதிவு செய்த சத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, சிலை விளையாட்டுப்போல அசையாமல் இருக்கச் சொல்லித் தருவார்கள்.

இன்னொரு சங்கடம் சத்தமில்லாதது, ஆனால் பெரியது. ஒரு கணக்கைப் போடத் தெரியாதவர் மூளையையும் தெரிந்தவர் மூளையையும் படமெடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அது மரபணுவின் விளைவா, கணக்குப் புரியாமல் விழித்ததன் விளைவா? பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில் ஆண்ட்ரியாஸ் மேயர்-லிண்டன்பர்க், கேரன் பெர்மன் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வில்லியம்ஸ் இருந்தும் பொது அறிவுத்திறன் இயல்பான அளவில் இருக்கும் பெரியவர்கள் மிகச் சிலர் உண்டு. அப்படி 13 பேரைத் தேடிப் பிடித்து, வயதும் அறிவு ஈவும் ஒத்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள்.

2004இல் வந்த அவர்களுடைய கட்டுரை கோலம் வராத கதைக்கானது. பார்ப்பதற்கு மூளையில் இரண்டு பாதைகள் உண்டு. கீழ்ப்பாதை 'இது எது' என்று சொல்லும். மேல்பாதை 'இது எங்கே, எதோடு எப்படிச் சேரும்' என்று சொல்லும். இயந்திரத்துக்குள் படுத்திருப்பவர்களுக்குத் துண்டு வடிவங்களைக் காட்டி, இவற்றைச் சேர்த்தால் சதுரம் வருமா என்று கேட்டார்கள். முகங்கள், வீடுகளின் படங்களையும் காட்டினார்கள். கீழ்ப்பாதை இருதரப்பிலும் ஒரே மாதிரி இயங்கியது. மேல்பாதை வில்லியம்ஸ் உள்ளவர்களிடம் மந்தமாக இருந்தது. அந்த மந்தமான இடத்துக்கு ஒட்டினாற்போல், உச்சந்தலைக்குப் பின்புறமாக ஓடும் ஒரு மடிப்பில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதியின் அளவும் குறைந்திருந்தது. தண்ணீர் சரியாகப் பாயாத இடத்துக்குச் சற்று முன்னால் வாய்க்கால் தூர்ந்திருப்பதைக் கண்டதுபோல. யானையின் பாகங்கள் எல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தே இருந்தன. அவற்றை இடம் பார்த்துச் சேர்க்கும் பாதைதான் அங்கே தூர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2005இல், அதே குழு பயத்துக்கு வந்தது.

இரு காதுகளுக்கும் இடைப்பட்ட ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் முதலில் மணியடிக்கும் இடங்களில் அது ஒன்று. சோதனை சின்ன விளையாட்டுப்போல இருக்கும். திரையில் மேலே ஒரு முகம், கீழே இரண்டு முகம். எல்லாம் கோபத்திலோ பயத்திலோ இருக்கும் முகங்கள். மேலே உள்ளதோடு கீழே எது பொருந்துகிறது என்று பொத்தானை அழுத்த வேண்டும். அடுத்த சுற்றில் முகங்களுக்குப் பதில் அச்சமூட்டும் காட்சிகள். நடுநடுவே வட்டம் போன்ற வெறும் வடிவங்கள்.

மற்றவர்களின் அமிக்டலா கோப முகங்களைக் கண்டு நன்றாக மணியடித்தது, காட்சிகளுக்குக் குறைவாக. வில்லியம்ஸ் உள்ளவர்களிடம் இது தலைகீழ். முகங்களுக்கு மணி மெல்லக் கேட்டது. காட்சிகளுக்கு மற்றவர்களைவிட ஓங்கி ஒலித்தது. கண்குழிகளுக்கு மேலே இருக்கும் நெற்றிப் பகுதி அமிக்டலாவோடு சேர்ந்து இயங்கும் முறையும் அவர்களிடம் மாறியிருந்தது.

சார் டீயைக் கீழே வைத்தார். "அப்ப அவனுக்குப் பயம் இல்லாம இல்லை."

இல்லை. இதுதான் முக்கியம். நாம் பயம் என்று ஒற்றைச் சொல்லால் சொல்வது மூளையில் ஒரே மணி இல்லை. மனிதர்மேல் வரும் பயம் ஒன்று, மனிதரல்லாதவை மேல் வரும் பயம் வேறொன்று. சாதாரணமாக இரண்டும் சேர்ந்தே ஒலிப்பதால் நமக்குத் தெரிவதில்லை. வில்லியம்ஸ் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. உலகத்தையே கட்டிக்கொள்ளும் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல், சத்தம் போன்ற ஏதோ ஒன்றின்மேல் கடும் அச்சம் இருப்பதை மனநல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வெளியே முரண்பாடாகத் தெரிந்தது, படத்தில் ஒரே வடிவத்தின் இரண்டு பக்கங்களாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் வண்ணப் புள்ளிகள் புகைப்படம் அல்ல; கணக்கு. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலையைக் கழித்து, பலருடைய படங்களைச் சராசரியாக்கி, தற்செயல் என்று தள்ள முடியாத இடங்களுக்கு மட்டும் வண்ணம் பூசுகிறார்கள். ஒரு படத்தில் இப்படிப் பல்லாயிரம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் லட்சக்கணக்கான நரம்பணுக்கள். இத்தனை கட்டத்தையும் தனித்தனியே சோதித்தால் ஒன்றிரண்டு சும்மாவே ஒளிரும். 2009இல் அமெரிக்காவில் கிரெய்க் பென்னெட் குழுவினர் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீன் ஒன்றை இயந்திரத்துக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் 'வேலை செய்தது'. வேடிக்கைதான், ஆனால் துறையையே திருத்திய வேடிக்கை.

"செத்த மீனா!" சார் சிரித்த சிரிப்பில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

அதனால்தான் ஒரு தனிப் பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இது வில்லியம்ஸ்' என்று சொல்ல முடியாது. பதின்மூன்று பேரின் சராசரி, பதினான்காவது ஆளின் ஜாதகம் ஆகாது. தவிர, இயல்பான அறிவுத்திறன் உள்ள பெரியவர்களிடம் கண்டது நாலு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் நடு ஆற்றில் ஒரு தூண் நின்றுவிட்டால், இரு கரையிலிருந்தும் பாலம் கட்டலாம். விடுபட்ட பகுதியில் எல்.ஐ.எம்.கே.1 என்றொரு மரபணு உண்டு. வில்லியம்ஸ் இல்லாத சாதாரண மக்களிடமும் அந்த மரபணுவின் வகை மாறினால், அதே மேல்பாதையின் இணைப்புகள் மாறுவதைப் பெதஸ்டா ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். ஜி.டி.எஃப்.2.ஐ. என்பது இன்னொன்று. அதை எலிகளின் முன்மூளை நரம்பணுக்களிலிருந்து நீக்கிய போவாஸ் பராக், குவோபிங் ஃபெங் குழுவினர், அந்த எலிகள் அளவுக்கு மீறிப் பழகுவதையும், நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை மெலிந்திருப்பதையும் 2019இல் காட்டினார்கள். உறையைத் தேற்றும் மருந்து கொடுத்தபோது எலிகளின் நடத்தையும் இயல்பை நெருங்கியது. எலிக்குச் சரி; மனிதனுக்கு அது சிகிச்சையாகிவிட்டது என்று பொருள் இல்லை.

ஏடெழுதியவரின் கண் பின்னுக்குத் தாவும் பிழையும் உண்டு என்றேன் அல்லவா? அந்தத் துண்டு இரட்டித்துப் பிறப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பேச்சு தாமதம். தாயைப் பிரியப் பதற்றம். புது ஆட்களிடம் கடும் கூச்சம். குறைந்தால் கூச்சமே இல்லை, கூடினால் கூச்சம் மிகுதி. எடைக்கல் மாற்றி வைத்த தராசுபோல, மரபணுவின் அளவு மனிதரோடு பழகும் குணத்தை அசைக்கிறது.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கணக்கைச் சுருக்கிக் கேட்டார்: "சரி தம்பி. விடையை எழுது. இதனால அந்தப் பயலுக்கு என்ன?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இதயத்தையும் ரத்தத்தில் கால்சியத்தையும் டாக்டர் பார்த்துக்கொள்வார். வீட்டில் செய்ய வேண்டியது வேறு. புது ஆள் வந்தால் மற்றப் பிள்ளைகளுக்குள்ளே தானாக ஒரு மணி அடிக்கும். இவனுக்கு அது மெல்லத்தான் கேட்கும். அதைத் தைரியம் என்று மெச்சிவிட்டுவிடக் கூடாது. யாரோடு போகலாம், யாரோடு போகக் கூடாது என்பதை வாய்ப்பாடுபோலச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும். பேச்சு அவனுக்குக் கைகொடுக்கும்; படம் பார்த்து அடுக்கத் திணறும் வேலையைச் சொல்லாகப் பிரித்துச் சொன்னால் ஏறும். அப்புறம், அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதால் அது அடம் இல்லை. அந்த மணி அவனுக்குள் நிஜமாகவே ஓங்கி அடிக்கிறது.

சார் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். ரெண்டு எட்டு வைத்தவர் நின்றார்.

"போன வருஷம் பொறந்த நாளுக்கு வீடு பூரா பலூன் கட்டினோம். ஒண்ணு வெடிச்சதும் கட்டிலுக்கு அடியில போனவன், கேக் வெட்டவே வரலை. ஊரே கூப்பிட்டா ஓடி வர்ற பய, எங்களை அவமானப்படுத்திட்டான்னு அவங்க அப்பன் ரெண்டு சாத்து சாத்தினான்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "அடுத்த மாசம் மறுபடி பொறந்த நாள் வருது. இன்னிக்கே போன் பண்ணி பலூன் வேண்டாம்னு சொல்லணும்."